இருபத்திமூன்றாம் நம்பர்க்காரர்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு இன்னமும் 'இருபத்திமூணு' என்றுதான் பெயர். குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் போனால், "இருபத்திமூணு வருது, தள்ளிக்குங்க" என்று வழி விடுவார்கள். திருவிழாவுக்குப் பூக்கட்ட உட்கார்ந்தால், "பாத்துக் கட்டு புள்ள, எல்லாச் சாமிக்கும் ஒரே மாலையப் போட்டுறாத" என்று சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பெயரை நானே பாடுபட்டுச் சம்பாதித்தேன்.

கதை பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தையின் வலது கண்ணில் தொடங்குகிறது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் தும்மினால் என் அம்மா இந்தப் பக்கமிருந்து கஷாயம் வைக்கச் சொல்வாள். அம்மாவும் அத்தையும் முப்பது வருடமாக அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தவர்கள். யார் கை வேகம் என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி. அத்தைதான் வேகம் என்று மலை முழுக்கத் தெரியும், அம்மாவைத் தவிர.

அத்தையின் கண்ணில் புரை விழுந்தது. வலது கண் முழுக்க வெள்ளை, இடதும் மங்கல். தளிர் எது, முத்தல் எது என்று பிரிக்க முடியாமல் கூடையில் முத்தல் இலை சேர ஆரம்பித்தது. கங்காணி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்படிக் கொண்டாந்தா புல்லு வெட்டத்தான் போடுவேன், பாத்துக்க." மலையில் முதல் கூடை நிரப்பிய கைக்குப் புல் வெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அத்தை அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அம்மாவுக்கும் வலது கண்ணில் புரைதான், ஆனால் அவ்வளவு முற்றவில்லை. "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே தேயிலைத் தூள் டின்னைத் திறந்து கறிக்குப் போடுகிற அளவுக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் கினிகத்தேனையில் மூன்று நாள் கண் முகாம் நடத்தப்போவதாக அறிவித்தது. அறுவைச் சிகிச்சைக்கென்றே கட்டிய பஸ்ஸைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து. பதிந்தவர்கள் தங்கள் நாளையும் நம்பரையும் பார்த்துக்கொள்ள ஓர் இணையதளம் வேண்டும் என்று அவர்கள் தேடியபோது அந்த வேலை எங்களிடம் வந்து சேர்ந்தது.

எங்களிடம் என்றால், ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறை. முதலாளியை அண்ணே என்போம். நான் ஆறு வருடம் கொழும்பில் ஒரு பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு, அம்மாவுக்காகத் திரும்பி வந்திருந்தேன். கொழும்பில் வேலை செய்தவள் என்ற கர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அண்ணே ஏதாவது யோசனை சொன்னால், "கொழும்புல நாங்க அப்படிச் செய்றதில்லங்க" என்று ஆரம்பிப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே என் வாயில் மிளகாய் தேய்க்கத் தோன்றுகிறது.

பதிந்தவர்களின் பட்டியல் நிறுவனத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், கொழும்பில் இருந்தது. ஒருவர் தன் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால், எங்கள் சர்வர் அந்தப் பழைய கம்ப்யூட்டரிடம் போய்க் கேட்டு, பதில் வாங்கி, பக்கமாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்வதற்குள் கையிலிருக்கும் பிளேன்டீ ஆறிவிடும். ஆகவே எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஒரு தடவை வாங்கிய பதிலை எங்கள் சர்வரின் டிஸ்க்கிலேயே ஒரு கோப்பாக எழுதி வைத்துவிடுவது. அடுத்த தடவை கேட்டால் கொழும்புவரை ஓடாமல் அந்தக் கோப்பை எடுத்து நீட்டிவிடலாம். இதற்குக் கேஷிங் என்று பெயர்.

என்ன வேலை செய்கிறாய் என்று அம்மா கேட்டபோது, வீட்டுப் பின்னால் நிற்கும் நீல ட்ரம்மைக் காட்டி விளக்கினேன். ஒவ்வொரு தடவையும் பீலிக்குப் போகாமல் பிடித்து வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதுதான் என் வேலை என்றேன்.

"பிடிச்சு வச்ச தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டிக் கழுவணும். இல்லாட்டி புழு வரும், சுகாதார இலாகா பி.எச்.ஐ. வந்து சத்தம் போடுவாரு. நீ கழுவுவியா?" என்றாள் அம்மா.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கெடு, இந்தத் தொழிலில் தலையைப் பிய்க்கிற கேள்விகளில் ஒன்று. அம்மா அதைப் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள். "முகாமே மூணு நாளுதாம்மா, கழுவ வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டேன். பதில்கள் மாறப்போவதில்லை, கெடு வைப்பது வீண் வேலை என்று நினைத்தேன்.

இந்தப் பதில்களை மெமரியில் வைப்பதா, டிஸ்க்கில் வைப்பதா என்று அண்ணே கேட்டார். மெமரியில் வைத்தால் வேகம். ஆனால் சர்வர் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். எங்கள் சர்வர் அந்த அறையின் மூலையிலேயே ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. மழைக்காலத்தில் ஹட்டனில் கரண்ட் எத்தனை தரம் போகும் என்று கணக்கில்லை. "டிஸ்க்ல எழுதினா கரண்ட் போனாலும் அழியாதுங்க. கல்லுல வெட்டின மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். சொன்னபடியே இருந்தது. அதுதான் வினை.

அடுத்த பெருமை கோப்புக்குப் பெயர் வைப்பதில். ஆளுக்கொரு கோப்பு வைப்பதைவிட வீட்டுக்கொரு கோப்பு வைத்தால், கணவனும் மனைவியும் பதிந்திருந்தாலும் ஒரே பக்கத்தில் இருவர் விவரமும் வரும், டிஸ்க்கும் மிச்சம் என்று யோசித்தேன். வீட்டை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? முகவரியைக் கொண்டுதான். ஆகவே எந்த அட்டை இலக்கத்துக்கு எந்த முகவரி என்பதை மட்டும் எங்கள் சர்வரில் ஏற்றி, அந்த முகவரியையே கோப்பின் பெயராக்கினேன். பரீட்சித்துப் பார்க்க நானே முகவரிகளை உண்டாக்கினேன்: வெள்ளவத்தையில் ஒன்று, தெஹிவளையில் ஒன்று, ஆறு வருடம் நான் போர்டிங்கில் இருந்த வீட்டு நம்பர் 37/2 இன்னொன்று. முகவரிக்கு ஓர் ஆளைத்தான் வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஜோராக வேலை செய்தது; இரண்டாவது ஆள் கேட்டால் அவர் விவரத்தையும் அதே கோப்பில் சேர்க்கிற வரியை எழுதாமல் விட்டது தெரியவேயில்லை. இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். அடுத்தவர் கண்ணில் பட்டாலும் ஆள் தெரியக்கூடாது என்று பக்கத்தில் பெயரே வராமல் நம்பர், நாள், எந்தக் கண் என்பதை மட்டும் காட்டினேன்.

பட்டியல் ஏறிய காலையில் முதல் ஆளாக அம்மாவின் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். நம்பர் இருபத்திமூன்று, செவ்வாய்க்கிழமை, வலது கண், காலை எட்டு மணி. போனில் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு கோப்பாக டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. கோப்பின் பெயர் எங்கள் முகவரி: மேல் டிவிசன், தோட்டத்தின் பெயர், நோட்டன் பிரிட்ஜ். அவ்வளவுதான் எங்கள் முகவரி. அம்மாவுக்கும் அதுதான், அத்தைக்கும் அதுதான், எங்கள் டிவிசனில் பதிந்த பதினான்கு பேருக்கும் அதுதான். லயத்தில் ஏது வீட்டு நம்பர்? எங்களுக்குக் கடிதம் வந்தால் தோட்டத்து ஆபிஸுக்கு வரும், அங்கே கிளாக்கர் ஐயா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமே அப்படித்தான் பத்து நாள் ஆபிஸ் மேசையில் கிடந்து வந்தது. அதற்கு நான் அழுத அழுகையை லயமே கேட்டது. அப்பேர்ப்பட்ட நான் அதை மறந்துபோனேன்.

அன்று மாலைக்குள் பதினான்கு பேரும் பார்த்துவிட்டார்கள். பதினான்கு பேருக்கும் அம்மாவின் பக்கம்தான் வந்தது. எல்லோருக்கும் இருபத்திமூன்று, எல்லோருக்கும் செவ்வாய், எல்லோருக்கும் வலது கண். யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தோட்டத்தில் எதையும் ஆளாளுக்குக் கொடுத்தா பழக்கம்? கூரைத் தகரம் வந்தாலும் லயத்துக்கு இத்தனை, தண்ணீர் விட்டாலும் லயத்துக்கு இத்தனை மணி. ஆகவே இருபத்திமூன்று என்பது எங்கள் லயத்தின் நம்பர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "செவ்வாக்கெழம எல்லாருக்கும் வலது கண்ணு, அடுத்த வாட்டி எடது கண்ணு போல" என்று அத்தையே விளக்கம் சொன்னாளாம். சேர்ந்து போக வேனும் பேசிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எல்லாருக்கும் ஒரே நாளு புள்ள, நல்லா யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க" என்றாள். நானும் நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன். புரோகிராம் எழுதுகிறவள், பதினான்கு பேருக்கு ஒரே நாள் என்று கேட்டுவிட்டு, ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரே ஒருவர் மட்டும் போன் பண்ணினார். எங்கள் டிவிசனில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். "எனக்கு எடது கண்தானே மகள், வலதுன்னு போட்டிருக்கே?" என்றார். கொழும்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அங்கே இடது கண், புதன்கிழமை என்று சரியாகவே இருந்தது. அண்ணேயிடம் சொன்னேன். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அண்ணேயிடம் ஒரே மருந்துதான்: "ரீஸ்டார்ட் பண்ணுங்க." பண்ணினேன். மெமரியில் இருந்திருந்தால் அதோடு அழிந்து தொலைந்திருக்கும். நான்தான் கல்லில் வெட்டியிருந்தேனே. "இப்ப சரியாயிருக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு, சரியாயிருக்கிறதா என்று பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போனேன். வாத்தியார் திரும்பப் பார்த்திருக்கிறார், அதேதான் வந்திருக்கிறது. இரண்டாவது தடவையும் தொந்தரவு செய்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகாமிலிருந்து எனக்குப் போன் வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனை பஸ்ஸில் ஏறினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது நர்ஸ் அம்மா, "மே ஒக்கொமலா விசிதுனத?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். இத்தனை பேருமே இருபத்திமூன்றா என்று சிங்களத்தில் கேட்கிறார். அவர் இருபத்திமூன்று என்று கூப்பிட்டதும் எங்கள் லயம் மொத்தமாக எழுந்து நின்றிருக்கிறது. எல்லோர் கையிலும் சோற்றுப் பார்சல், எல்லோர் வலது புருவத்துக்கு மேலும், அறுக்க வேண்டிய கண் இதுதான் என்று போனிலிருந்த பக்கத்தைப் பார்த்து வாசலில் ஒட்டிய ஒரு துண்டுப் பிளாஸ்டர். வாத்தியாரின் நல்ல கண்ணுக்கு மேலேயும்தான்.

"சேர், உங்களுக்கு எடது கண்ணுன்னு நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றேன்.

"கம்ப்யூட்டரே வலதுன்னு சொல்லுது. நான் சொன்னா யாரு மகள் கேப்பாங்க?" என்றார், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வலது இடது சொல்லிக்கொடுத்தவர்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. மடிக்கணினி வழியாக ஹட்டன் சர்வரின் டிஸ்க்கைத் திறந்து கோப்புகளின் பெயரைப் பார்த்தேன். கினிகத்தேனை டவுன்காரர்களுக்கெல்லாம் வீட்டு நம்பரோடு தனித்தனிக் கோப்பு. எங்கள் டிவிசனுக்கு ஒரே ஒரு கோப்பு. அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"நம்மளுக்கு ஏது புள்ள வீட்டு நம்பரு? நீ இங்கதானே பொறந்த?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அது கேள்வியாக வந்ததால் என்னால் நிமிர முடியவில்லை.

அசல் பட்டியலை வைத்து நர்ஸ் அம்மாவோடு உட்கார்ந்து பிரித்தேன். ஐந்து பேருக்கு அன்றைக்கே நாள், அம்மா உட்பட. ஆறு பேருக்குப் புதன். அவர்கள் பிளாஸ்டரை உரித்துக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போகலாம். மூன்று பேருக்குத் திங்கள். திங்கள் முடிந்துபோயிருந்தது. தோட்டத்து ஆட்கள் மழைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த இடங்களைக் காத்திருந்த வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்று அத்தை.

டொக்டரிடம் போய் நின்றேன். தப்பு முகாமுடையது அல்ல, முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அவர் மூன்று பேரையும் பரிசோதித்துவிட்டு, புதன்கிழமை கடைசியில் இரண்டு பேரைத்தான் சேர்க்க முடியும் என்றார். மற்ற இருவருக்கும் இரண்டு கண்ணுமே அறவே தெரியவில்லை. அத்தைக்கு இடது கண்ணில் கொஞ்சமாவது வெளிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் அவளை ஆறு மாதம் தள்ளிப்போட்டது.

அம்மா தன் இடத்தை அத்தைக்குக் கொடுப்பாள் என்று எனக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. என் பாவம் கழியுமே என்ற சுயநலம்தான். ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்பு உன்னோடது. கண்ணு என்னோடது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு பஸ்ஸுக்குள் ஏறிப் போனாள். அத்தையே அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் திரும்பும்போது வேனில் அவள் ஜன்னலோரம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கிழமை, ஏழு நாளும், என்னோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல்கூடக் கேட்கவில்லை.

அன்று மாலையே எல்லாக் கோப்புகளையும் அழித்தேன். அவரவர் அடையாள அட்டை இலக்கத்தைக் கோப்பின் பெயராக்கினேன், ஒரு நாள் கெடு வைத்தேன், பட்டியலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் கோப்பு போய்விடும்படி எழுதினேன். இரண்டு மணி நேர வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரம். இப்போதெல்லாம் எந்த வேலையைப் பரீட்சித்தாலும் எங்கள் லயத்தில் ஒரே முகவரிக்காரர்கள் இரண்டு பேரைத்தான் முதலில் அடித்துப் பார்க்கிறேன். இது என்ன விசித்திரமான முகவரி என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டார். சரியான முகவரிதான் என்று சொன்னேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு அத்தை பேச ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்ததும், பேசாமலிருந்ததே தேவலை என்றாகிவிட்டது. "இருபத்திமூணு" என்ற பெயரை வைத்தவளே அவள்தான். மாலையில் வேலை முடிந்து வந்ததும் சுவரைத் தட்டுவாள். "ஏய் இருபத்திமூணு, வந்து அரிசியில கல்லுப் பாரு. இந்தக் கண்ணு நீ செஞ்ச வேலதானே." நான் போய் அரிசி பொறுக்குவேன், ஊசியில் நூல் கோர்ப்பேன், கொழும்பில் கார்மென்ட் ஒன்றில் ஜுகி மெஷின் அடிக்கும் அவள் மகள் அனுப்பும் செய்தியை வாசித்துக் காட்டுவேன். "நல்லாப் பாத்து வாசி. வேற யாரு மகளோட செய்தியையாவது வாசிச்சுறாத" என்பாள்.

மலையில் அம்மாவின் புதுக் கண் வேலை செய்தது. கொழுந்து நிறுக்கப் போகுமுன் அத்தையின் கூடையைத் தன் பக்கம் இழுத்து, முத்தலைப் பொறுக்கி வீசிவிட்டு, "என்னா கொழுந்து எடுத்திருக்க நீ, மாடு திங்கிற மாதிரி" என்று கங்காணிக்குக் கேட்காமல் திட்டுவாளாம். அத்தை திருப்பித் திட்டுவாளாம். ஆறு மாதமும் அவளைப் புல் வெட்டுக்குப் போடவில்லை. கங்காணிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அவர் வேறு பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் அம்மா வாசலில் கூடையை இறக்கும்போது, இன்றைக்கும் தப்பித்ததா என்று அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்த முகாம் வந்தது. அத்தை தன் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது என் நம்பரா, உங்கம்மா நம்பரா?" பட்டியலோடு ஒத்துப்பார்த்தேன். பிறகு அவள் திருப்திக்காக இன்னொரு தரம் ஒத்துப்பார்த்தேன். பன்னிரண்டாம் நம்பர், திங்கள், வலது கண். அந்தத் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு என்று கூப்பிட்டபோது ஒரே ஒரு ஆள் எழுந்து நின்றது. நர்ஸ் அம்மா என்னை அடையாளம் கண்டு, வேறு யாரும் எழுகிறார்களா என்று மண்டபம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அத்தையை உள்ளே விட்டார்.

மறுநாள் கட்டு அவிழ்க்கவும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். பஞ்சை எடுத்துவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். அத்தை கண்ணைச் சிமிட்டினாள், நீர் வழிந்தது, துடைத்தார்கள். டொக்டரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"தெரியலையா அத்த?"

"என்னா புள்ள, இப்படி நரச்சுப் போயிட்ட?" என்றாள். கையை நீட்டி என் காதோரத்து முடியைத் தொட்டுப் பார்த்தாள். "கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கறுத்திருக்கு. நீ பேசுற சத்தத்த வச்சுத்தான் நான் உன்னக் கண்டுக்கிட்டிருந்தேன். மொகம்னு நெனச்சா, கொழும்புக்கு வேலைக்குப் போனப்ப பையத் தூக்கிக்கிட்டு நின்ன மொகந்தான் வரும். அந்தப் புள்ளயத்தான் ஆறு மாசமா அரிசி பொறுக்க வுட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

நான் காதோரத்து முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன்.

"பழசையே வச்சுக்கிட்டுப் புதுசப் பாக்காம இருந்தது நானுந்தான். ஒன்ன மட்டும் குத்தம் சொல்லி என்னா ஆவப்போவுது" என்றாள்.

பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செருப்பை எடுத்துத் தரச் சொன்னாள். ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து என் பெயர் வந்தது அன்றைக்குத்தான். மண்டப வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது, நான் குடையை விரித்தேன். லயத்துக்கு வந்ததும் பீலிக்கரையிலிருந்து யாரோ, "இருபத்திமூணு வருது" என்று குரல் கொடுத்தார்கள். "அவளுக்குப் பேரு இருக்கு" என்றாள் அத்தை.